மீதி மாத்திரைகள்

சோதனைப் பட்டையில் மலேரியாவைக் காட்டும் இரண்டாவது கோடு மெல்லச் சிவக்கிறது. போன மாதமும் இதே கோடுதான், இதே ஆள்தான். கம்போடியாவின் மொண்டுல்கிரிக் காட்டில் மரம் வெட்டும் சவுன், உச்சி வெயிலிலும் தூளிக்குள் வெடவெடவென்று நடுங்கிக் கிடக்கிறான். மலேரியா ஊழியர் குந்தியா பல்லைக் கடிக்கிறாள். "நாளுக்கு ஒண்ணுன்னு பதினாலு நாள் மாத்திரை குடுத்தேனே, முழுசா முழுங்கினாரா?" "மூணே நாள்ல காய்ச்சல் விட்டுருச்சுக்கா. மீதிய எதுக்கு வீணாக்கணும்?" மனைவி ரொம்துல் பெருமையாக வெற்றிலை டப்பாவைத் திறக்கிறாள், உள்ளே ஒன்பது மாத்திரைகள். "தம்பிக்குக் காய்ச்சல்னு ரெண்டு குடுத்தேன். எழுந்து காட்டுக்கே போயிட்டான்!" குந்தியா தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். ரொம்துல் பதறி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள், டப்பாவிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டுகிறாள். "உங்களுக்கும் சுடுதேக்கா. போட்டுக்குங்க."