பதினேழாம் கேள்வி

பதினேழாம் கேள்வி: நோயாளி செருப்பு அணிகிறாரா?

ஆஸ்பத்திரியின் காப்பீட்டு அறையில் குமாஸ்தா செல்வின் பேனாவோடு காத்திருந்தான்.

அவள் தன் இடது காலைப் பார்த்தாள். கட்டுக்குள் மூன்று விரல்தான் மிச்சம்.

இல்லை என்றாள்.

அவன் டிக் அடித்தான்.

வேலை? உப்பளம். விடிந்ததிலிருந்து பாத்தித் தண்ணீரில் நிற்பது. இன்சுலின் வைக்க வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா? மண்பானைக்குள் வைக்கிறாள். படிவத்தில் பானைக்குக் கட்டம் இல்லை. அதற்கும் 'இல்லை' என்றே அடித்துவைத்தான்.

நோயாளியின் வீட்டையும் வேலையையும் கேட்டு எழுதினால் ஆஸ்பத்திரிக்குக் கூடுதல் பணம். புது விதி. கேட்டுவிட்டு என்ன செய்தீர்கள் என்று எவனும் கேட்பதில்லை.

புண் இனி மேலே ஏறினால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெத்தென்ற செருப்பு போடச் சொல்லியிருந்தார். அது காப்பீட்டில் கிடைக்குமா என்று அவள் விசாரித்தாள்.

கிடைக்காதாம். விரலை எடுக்க உண்டாம். பாதத்தை எடுக்கவும் உண்டாம். செல்வின் பட்டியலைத் திருப்பியே காட்டினான்.

"போன மட்டமும் இதத்தான் கேட்டிய. செருப்பு போடுதியளான்னு. அதுக்குப் பெறகுதான் ரெண்டு வெரலு போச்சு."

அவன் அதை எழுதவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டான். இந்த வாரத்துப் படிவங்கள் முடிந்த சந்தோஷம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் ஒரு பலகை. காலணிகளை வெளியே விடவும்.

அதன் கீழே ஒரே ஒரு ஜோடி. தடித்த அடி, மெத்தென்ற ரப்பர், ஆண்பிள்ளை அளவு. கட்டுப் போட்ட காலும் நுழையும்.

அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

செல்வின் சாப்பிடக் கிளம்பும்போது மணி ஒன்றரை.

பலகை இருந்தது. செருப்பைக் காணோம்.

கேன்டீன் வரைக்கும் சிமென்ட் தரை. சித்திரை வெயில். ஒரு காலை வைத்தான். உடனே எடுத்துவிட்டான்.

உள்ளே மேஜையில் அவள் படிவம் இருந்தது.

பதினேழாம் கேள்விக்கு அவன் அடித்த டிக் இப்போது தப்பு.