பிரியாத வரம்

அவன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

தொப்பி மடியில் இருந்தால் கால்மணி நேரம் என்று அர்த்தம். ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாலில், வேப்பேரியில், வெள்ளைக்கார மரியாதை அப்படித்தான். அதற்கு மேல் உட்கார்ந்தால் கல்யாணப் பேச்சு.

போன வருடம் இதே நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்காருவான். தொப்பி எங்கே கிடக்கிறது என்று வீடே தேடும்.

அவள் எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன கேப்டன் அப்பாவின் மூக்கு. அம்மாவின் நிறம்.

பின்கட்டில் அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

பலகாரத்துக்கு அல்ல.

காதல் முறிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுவும் மரியாதை. கடிதத்துக்குக் கடிதம். முடிக்கு முடி.

ஆமாம், முடி. இந்தத் துரைமார்களுக்குக் காதல் வந்தால் தலையில் ஒரு கொத்தை நறுக்கி நீட்டிவிடுகிறார்கள். யாரிடம் நீட்டுகிறோம், அவள் அம்மாவுக்கு என்ன தொழில் என்று ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை.

"அம்மையே, நலமாக இருக்கின்றீரா?" என்றான் பிளெட்சர் துரை.

முன்ஷி வைத்துக் கற்ற தமிழ். பேசிப் பழக ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது. மாசியில் கம்பெனியின் தமிழ்ப் பரீட்சையில் தேறினான். பங்குனியில் வருவதை நிறுத்தினான். சித்திரையில் நீதிபதி மகள் லவீனியாவுக்கு நிச்சயமானான்.

அதைக்கூட விட்டிருப்பாள்.

வைகாசியில் ஒரு நடன விருந்து. அவள் நீலப் பட்டு கவுனில் நின்றிருந்தாள். லவீனியா தன் சால்வையைக் கழற்றி அவள் கையில் போட்டாள்.

"ஆயா, இதை மடித்து வை."

பக்கத்தில் அவன் நின்றான். அவனுக்கு இரண்டு மொழி தெரியும். இரண்டிலும் ஒன்றும் சொல்லவில்லை.

அவள் சால்வையை மடித்து வைத்தாள்.

இப்போது காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். அவன் பிரித்தான். பழுப்பு முடி. விரலால் நீவினான். தன்னுடையதேதான் என்று கொஞ்சம் உருகக்கூடச் செய்தான்.

காலையில் லாயத்தில் குதிரை வாலிலிருந்து நறுக்கியது.

அவன் சட்டைப்பையைத் துழாவி வெள்ளிப் பதக்கம் ஒன்றை எடுத்தான். உள்ளே அவளுடைய முடி இருக்க வேண்டும். திறந்து பார்க்காமலே மேசைமேல் வைத்தான்.

பாதி நேரம் மிச்சம் இருந்தது. மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டும்.

"கல்யாணப் பொண்ணு சௌக்கியமா?" என்றாள்.

அவன் வாசலைப் பார்த்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தினான். மூன்று மாதமாக இதைச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"நாள்தோறும் மூன்று மணி நேரம் யாழ் மீட்டுகிறாள். கேட்கவொண்ணாது. என் சுருட்டு அவளுக்கு ஆகாது. ஆயினும் கவலையில்லை. மாமனார் எனக்கு மசூலிப்பட்டணத்தில் பதவி வாங்கித் தருகிறார். மணம் முடிந்த மறு மாதமே நான் ஏகுவேன். அவ்வூர் வெயில் அவளுக்கு ஒவ்வாது. அவள் இங்கே. நான் அங்கே."

சிரித்தான். யாழ் என்று அவன் சொன்னது ஹார்ப்பை.

கால்மணி ஆயிற்று. தொப்பி தலைக்கு ஏறியது. குனிந்து வணங்கிவிட்டுப் பல்லக்கில் ஏறினான்.

அவள் பதக்கத்தைத் திறந்தாள்.

பொன் நிறத்தில் ஒரு சுருள்.

லவீனியாவின் முடி. இரண்டு பெண்களுக்கும் சிக்கனமாக ஒரே தட்டானிடம் ஒரே அச்சில் செய்யச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அவளுடைய கருமுடி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, லவீனியாவின் பதக்கம் என்ற பெயரில். கல்யாணத்தன்று கழுத்தில் போட்டுக்கொள்வான். ஒருநாள் லவீனியா திறந்து பார்ப்பாள்.

ஆள் அனுப்பினால் மாற்றிக்கொண்டு வரலாம்.

அவள் ஆள் அனுப்பவில்லை.

பின்கட்டில் மாவுப் பொம்மை தயாராகப் படுத்திருந்தது. அதன் தலையில் பழுப்பு முடி, அசல். அம்மா ஊசியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"வலது காலா, இடது காலா?"

"ரெண்டும் வேண்டாம்மா."

பொன் நிறச் சுருளைப் பொம்மையின் பக்கத்தில் வைத்தாள்.

"யாருது?"

"அவன் கட்டிக்கப்போறவளுது."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "அட, முன்னாடியே சொல்லக்கூடாதா! இன்னொரு பொம்மை பிடிச்சு ரெண்டையும் முதுகோடு முதுகா வெச்சா வெள்ளிக்கிழமைக்குள்ள பிரிஞ்சிடுவாங்க."

"பிரிக்க வேணாம். சேர்த்து வை."

"என்ன?"

"மூஞ்சியோட மூஞ்சி. ஒரே வீட்டுல, ஒரே கூடத்துல. அவன் மசூலிப்பட்டணம் போனா அவளும் போகணும். அவ இங்க இருந்தா அவனுக்கு வாசப்படி தாண்ட வரக்கூடாது. ஒரு கூப்பிடு தூரம்கூட விலக முடியாத மாதிரி வெச்சுக் கட்டும்மா."

அம்மா ஊசியைக் கீழே வைத்தாள்.

முப்பது வருடத் தொழில். கை முடக்கியிருக்கிறாள். வாய் கட்டியிருக்கிறாள். ஒரு தாசில்தாரை ஆறு மாதம் இடதுபக்கமாகவே நடக்க வைத்திருக்கிறாள். வந்தவர்களிடம் ஒருநாளும் காரணம் கேட்டதில்லை.

"அவ்ளோ ஆத்திரமாடி?"

அவள் இன்னொரு உருண்டை மாவை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். கறுப்பு நூலைப் பிரித்து, முனையை நாக்கில் ஈரப்படுத்தினாள்.

"ஆயுசையும் சேர்த்துப் போடும்மா. ரெண்டு பேருக்கும் நூறு."