திரை நிறைய என் முகம்

ஏழாவது அடி விழுந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றுவிட்டாள். "போதும்டா பாவி, விட்டுடுடா!" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

அந்தப் பாவி நான்தான்.

பத்து வரிசை பின்னால், அம்மாவுக்குப் பக்கத்தில், மடியில் பாப்கார்னோடு உட்கார்ந்திருந்தேன்.

அது ஒரு மகானின் கதை. அரசன் கட்டளைப்படி அவரைத் தூணில் கட்டிச் சவுக்கால் அடிப்பார்கள் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கதையில் அது ஒரே வரி. இயக்குநர் அதை ஒன்பது நிமிடம் எடுத்திருந்தார். அடிக்கிற காவலன் நான்.

பன்னிரண்டு வருடமாக நடிக்கிறேன். கூட்டத்தில் ஒருவனாக எத்தனையோ படம். மூன்று முறை பிணம். ஒரு படத்தில் முதுகு மட்டும். அந்த முதுகையும் விடாமல், "அதோ, அது என் பிள்ளை" என்று பக்கத்து இருக்கைக்காரர்களிடம் காட்டியவள் அம்மா.

முகம் தெரிவது இதுதான் முதல் தடவை. அதுவும் திரை நிறைய. அம்மா தையல்கடையில் பொத்தான் கட்டுகிறவள். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடை முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டு மதியக் காட்சிக்கு வந்திருந்தாள்.

பத்தாவது அடியில் மகானின் முதுகு கிழிந்தது. அரங்கமே ஒரு தடவை மூச்சை இழுத்தது. யாரோ ஒருவர் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினார். எனக்கு முன்னால் இருந்த பெரியவர் கைகூப்பி முணுமுணுக்கத் தொடங்கினார். வாசல் பக்கம் யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஐயா, அந்தச் சவுக்கு வெறும் பஞ்சுத் திரி. சத்தம் அப்புறம் சேர்த்தது. அந்த மகான் படப்பிடிப்பன்று மதியம் என் பங்குச் சோற்றையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் குறட்டை விட்டவர்.

அம்மா என்ன நினைக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அவள் கண்ணை மூடவில்லை. மகானையும் பார்க்கவில்லை. திரையில் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்று விசித்திரமாக இருந்தது. மற்றவர்கள் அடி விழுந்த பிறகு பதறினார்கள். அம்மாவின் தோள் ஒவ்வொரு அடிக்கும் முன்னாலேயே குறுகியது.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சியபடி, ஒருவரையொருவர் பார்க்காமல், சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களைப் போல வெளியேறினார்கள்.

படிக்கட்டில்தான் அந்த முன்வரிசைப் பெண் என்னைப் பார்த்தாள். இரண்டு நொடி உற்றுப் பார்த்தாள். அழுது வீங்கிய முகம். கைப்பையை ஓங்கி என் கன்னத்தில் ஓர் அடி. அதன் கொக்கி கிழித்துவிட்டது.

"எப்படிடா மனசு வந்துச்சு உனக்கு?"

யாரோ அவளைப் பிடித்து இழுத்தார்கள். "அது நடிப்பும்மா" என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கூடிவிட்டது. சிலர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பெண் செய்தது சரிதான் என்று எழுதியிருந்தது.

என்னை ஒருவர் முறைத்தாலே ஊரை ரெண்டாக்குகிறவள் அம்மா. பள்ளிக்கூடத்தில் என் காதைத் திருகிய வாத்தியாரைத் தெருவரை துரத்தியவள். இப்போது அவள் குரல் கேட்கும் என்று காத்திருந்தேன்.

கேட்கவில்லை.

நான்கு படி மேலே, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றிருந்தாள்.

அந்த அடியைவிட இதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மா தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நீட்டினாள். எப்போதும் தானே துடைத்துவிடுகிறவள். இன்று கையை நீட்டியதோடு சரி. கன்னத்தை நானே துடைத்துக்கொண்டேன்.

"படம் பிடிக்கலையாம்மா?"

ஒரு பேருந்து வந்து, நின்று, போனது. அது எங்கள் பேருந்துதான். அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு விட்டியே" என்றாள் கடைசியில். "ஏதோ பிடிக்காத வேலையைச் செய்யப்போற மாதிரி. நீ என்ன பண்ணுவே, எல்லாம் அடி வாங்குறவரோட தப்புங்கிற மாதிரி. அது டைரக்டர் சொல்லிக் குடுத்ததாடா?"

"இல்லம்மா. அதுவா வந்துச்சு."

அம்மா சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவுக்கும் அதுவாத்தான் வரும்."

என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பல் முளைக்கும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ஓர் ஈயைக்கூட அடிக்கத் தெரியாத மனிதர் என்றுதான் முப்பத்து நான்கு வருடமாக அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள்.