ஏரிக்குப் போனவர்களின் குரல்

மேடம் அட்டெண்டன்ஸ் பதிவேட்டைத் திறந்ததும், கடைசி பெஞ்சில் கிளி தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

வகுப்பில் பாதி இடங்களில் பைகள்தான் உட்கார்ந்திருந்தன. பைகளின் சொந்தக்காரர்கள் இந்நேரம் ஏரிக்கரையில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டிருப்பார்கள்.

அது அந்தத் துறையின் வழக்கம். இன்டர்னல் தேர்வு முடிந்த மறுநாள் இறுதியாண்டுக்காரர்கள் ஏரிக்குப் போவார்கள். விடுமுறை நாளில் போவது கேவலம். வகுப்பு நடக்கிற நாளில், வகுப்பு நடக்கிற நேரத்தில் போனால்தான் போனதாகக் கணக்கு.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் வகுப்பில் தங்கிவிடுவான். போன அத்தனை பேருக்கும் சேர்த்து, அவரவர் குரலில் "பிரசென்ட்" சொல்லி அவன்தான் ப்ராக்ஸி கொடுக்க வேண்டும்.

இந்த வருடம் அந்த ஒருவன் கிளி. யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. பட்டம் கொடுத்தவர்கள் வேலையையும் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

அவனுக்கும் வேறு வழியில்லை. ஊர் சுற்றியே அட்டெண்டன்ஸைக் கரைத்திருந்தான். இந்தப் பாடத்தில் இன்னும் ஒரு நாள் ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை எழுத முடியாது. எழுதாவிட்டால் பெரியப்பாவின் பெயிண்ட் கடையில் டப்பா அடுக்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சும்மா மிரட்டுகிறார் என்றும் நினைக்க முடியாது. பெரியப்பா அவனுக்காக ஒரு ஸ்டூலைக்கூடத் துடைத்து வைத்துவிட்டாராம்.

மேடம் லேசுப்பட்ட ஆள் இல்லை. எண்ணைக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் ஒரு கோடு, உடனே அடுத்த எண். அதற்குப் பிறகு அழுதாலும் புரண்டாலும் அந்தக் கோடு அழியாது. அவர் சிரித்துப் பார்த்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஒரே ஒரு சௌகரியம், கூப்பிடும்போது தலையை நிமிர்த்த மாட்டார். படிக்கிற கண்ணாடி போட்டிருப்பதால் பதிவேட்டைத் தாண்டி அவருக்கு எல்லாம் புகைமூட்டம் என்பது சீனியர்கள் விட்டுச்சென்ற கண்டுபிடிப்பு. ஏரி வழக்கமே அந்தக் கண்ணாடியை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் குண்டனுக்குச் சொன்னான். குண்டனுக்கு வருடம் முழுக்க மூக்கடைப்பு. "பிரசெட் பேடம்" என்று அச்சு அசலாக வந்தது.

நெட்டையன் ஒட்டகத்துக்காக பெஞ்சின் மறுகோடிக்கு நகர்ந்து, எம்பி, உயரத்திலிருந்து சொன்னான். அடுத்த எண்காரன், தன் காதலியிடம் போனில் பேசிப் பேசிக் குசுகுசுப்பே குரலாகிப் போனவன். அவனுக்குக் குசுகுசுத்தான். ஹாஸ்டல் செயலாளருக்கு நெஞ்சை நிமிர்த்தி, மைக் முன்னால் நிற்கிற தோரணையில் முழங்கினான்.

முதல் பெஞ்சில் ஏரிக்கும் போகாத, எதற்கும் போகாத இரண்டு படிப்பாளிப் பெண்கள், சிரிப்பை அடக்கப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

கிளிக்குத் தலைகால் புரியவில்லை. ஏரிக்குப் போக முடியாத வயிற்றெரிச்சல்கூட ஆறிவிட்டது. ஒரே ஆளாக ஒரு வகுப்பையே நடத்திக்கொண்டிருந்தான்.

"இருபத்தேழு," என்றார் மேடம்.

யார் இது? தண்ணீரில் இறங்கியவர்கள், கரையில் படுத்தவர்கள், டிபன் பொட்டலத்துக்குக் காவல் இருப்பவர்கள் என்று எல்லோரையும் மனதுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தான். அந்த எண்ணில் ஒருவரும் அகப்படவில்லை. அப்படியென்றால் நம் கணக்கில் இல்லை, வகுப்புக்கு வந்த எவனோ ஒருவன், அவனே சொல்லிக்கொள்ளட்டும் என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

யாரும் சொல்லவில்லை.

எவன்டா அந்தத் தூங்குமூஞ்சி என்று திரும்பிப் பார்த்தபோதுதான் உறைத்தது. இருபத்தேழு அவனேதான்.

வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. ஊரார் குரலெல்லாம் வந்து வந்து போன தொண்டையில், அவன் குரல் எங்கே போய்த் தொலைந்ததென்று தெரியவில்லை. பெரியப்பா துடைத்து வைத்த ஸ்டூல் கண்முன்னே வந்து நின்றது. இருபது வயது ஆம்பளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஆனால் கோடு விழவில்லை. பேனா பதிவேட்டுக்கு மேலே அப்படியே நின்றது.

அப்போது அந்தக் குரல் கேட்டது. சோம்பலாக, பாதிக் கொட்டாவியோடு, வேண்டாவெறுப்பாக இழுத்து இழுத்து.

"பிரசென்ட் மேடம்."

கிளியின் குரல். அவனைப் பெற்றவள் கேட்டிருந்தால், முதலில் போய் மூஞ்சியைக் கழுவிட்டு வாடா என்றிருப்பாள்.

ஆனால் கிளியின் வாய் இன்னும் திறந்தபடியே கிடந்தது. அதிலிருந்து எதுவும் வரவில்லை. அவனைச் சுற்றி இருந்தவை பைகள். பின்னால் இருந்தது சுவர். முதல் பெஞ்ச் பெண்கள் மட்டும் பேனா மூடியை மறந்து, கண்கொட்டாமல் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் டிக் போட்டார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை.

"இருபத்தெட்டு," என்று தன் சொந்தக் குரலில் கூப்பிட்டார். ஏரிக்குப் போனவன் எண் அது. கிளி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேடத்தையே வெறித்தான். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இத நீயே சொல்லிடுப்பா. இவன் குரல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடல."