கடித்த காளான்

"இதுல அவர் எச்சில் இருக்கும்ல, மேடம்?"

இன்ஸ்பெக்டர் காகித உறைக்குள் எட்டிப் பார்த்தார். உலர்ந்து சுருங்கிய காளான். குடையின் ஓரத்தில் ஒரு கடி.

"இருக்கும் சார். கடிச்சு, ருசி பாத்து, துப்பிடுவோம். காரமா கசப்பான்னு தெரிஞ்சாத்தான் இனம் பிரிக்க முடியும். எங்க பேராசிரியர் பழக்கிவிட்டது."

"நல்ல பழக்கம் போங்க! என் சம்சாரம் உப்புப் பாக்கக் கூப்பிட்டாலே நான் ஓடிடுவேன்."

சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். சிரிக்கிற இடமா இது?

பல்கலைக்கழகத்தின் உலர்காளான் அறைக்கு அவள்தான் பொறுப்பு. காளான் தேடி மலைக்குப் போன கணவன் திரும்பவில்லை. ஆறு வருடம். போன வாரம் பள்ளத்தாக்கில் சில எலும்புகள் கிடைத்தன. மண்டையோடு கிடைக்கவில்லை.

அவன் அனாதை விடுதியில் வளர்ந்தவன். ரத்தம் ஒப்பிட உறவில்லை, பிள்ளையும் இல்லை. சீப்பு, பிரஷ், சட்டை எல்லாம் வீட்டுக்குள் புகுந்த வெள்ளம் கொண்டுபோயிற்று. அவன் வாய் பட்டதில் மிஞ்சியது இந்த ஒரு காளான்.

"ஒத்துப்போச்சுன்னா எலும்பை உங்ககிட்ட ஒப்படைச்சுடுவோம். இல்லேன்னா, காணாமப் போனவர் காணாமப் போனவர்தான்."

அவள் தலையசைத்தாள்.

"உறை கிறை மாறியிருக்காதே? கோர்ட்டுல கேப்பாங்க."

மூலையில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் சிரித்துவிட்டார். "யாருகிட்ட கேக்குறீங்க சார்! உறை மாறினதுக்கு ஒரு ஆளையே வீட்டுக்கு அனுப்பினவங்க எங்கக்கா. இந்த ரூம்ல கொலை பண்ணிட்டுக்கூடத் தப்பிச்சுக்கலாம். உறையை மாத்திட்டுத் தப்ப முடியாது."

இன்ஸ்பெக்டர் உறையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஜீப் சத்தம் தேயும்வரை அவள் அசையவில்லை.

உதவியாளரை டீ வாங்க அனுப்பினாள்.

பேராசிரியர் கடித்து ருசி பார்த்துச் சேகரித்த காளான்கள் உள்ள இழுப்பறையைத் திறந்தாள். அவர் செத்து வருடங்களாயிற்று. அவர் கையெழுத்திட்ட ஓர் உறையை எடுத்தாள். பழைய மடிப்பின்மேல், காலையில் அவள் போட்ட புது மடிப்பு.

பிரித்தாள்.

காளான். குடையின் ஓரத்தில் ஒரு கடி. கடியின் நடுவே, பல்லுக்குத் தப்பிய மெல்லிய மேடு ஒன்று.

'உங்க பல் சந்துல பஸ்ஸே போகும்' என்று கல்யாணமான புதிதில் அவனைக் கேலி செய்திருக்கிறாள்.

அந்த மேட்டை நாக்கு நுனியால் தொட்டாள்.

காரம் அப்படியே இருந்தது.

அவள் துப்பவில்லை.