வண்டி நிற்கும் தெரு

"இந்த வாரம் பூரா பெட்ரோல் வர்ற குழாய்லதான் வேலை பார்த்தேன்," என்று ஸ்டியரிங்கைச் செல்லமாகத் தட்டினார் அவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி டேஷ்போர்டை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ஓய்வு பெற்ற கையோடு அவர் வாங்கிய பழைய கார் அது. வயதில் அவருக்கே அண்ணன். பிரேக்கைச் சரிசெய்தார், ஓட்டினார். ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்தார், ஓட்டினார். "எல்லாம் முடிச்சுட்டுத்தான் ஓட்டணும்னா நம்ம ஆயுசு பத்தாதுடி" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளையும் ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி ஒரு சுற்று வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

அந்தச் சுற்றில் மகளின் தெருவும் வரும். மகள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டபோது, "அவ வீட்டு வாசப்படியை மிதிச்சா நான் மனுஷனே இல்ல" என்று கத்தியவர் அவர்.

"அப்புறம் எதுக்கு இந்தத் தெரு?" என்று ஒருநாள் மனைவி கேட்டாள்.

"பள்ளமில்லாத ரோடு. இன்ஜின் சத்தம் நல்லாக் கேட்கும்."

அன்றுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில், பெட்ரோலை நிறுத்துகிற திருகு ஒன்று இருந்தது. தெருமுனைக்கு முன்பே, அவர் பார்க்காதபோது அதை மூடிவிட்டால் போதும். வண்டி கொஞ்ச தூரம் ஓடி, இருமி, மகள் வீட்டு வாசலில் படுத்துவிடும்.

மாதக்கணக்கில் இதுதான் நடந்தது. அவர் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொள்வார். மருமகன் ஓடி வந்து, "தள்ளட்டுமா மாமா?" என்பான். "வண்டியைக் கேளு" என்பார். பேத்தி முன்சீட்டில் ஏறி ஹாரனை அமுக்கித் தெருவையே எழுப்புவாள். மகள் நீட்டும் காப்பியை கேட்டுக்கு வெளியே நின்றபடியே குடிப்பார். வாசப்படியை மிதிக்கவில்லையே! எல்லாம் ஆனபிறகு மனைவி சத்தமில்லாமல் திருகைத் திறப்பாள். வண்டி சமர்த்தாகக் கிளம்பும்.

"மெக்கானிக்கிட்ட காட்டலாமே மாமா" என்று மருமகன் சொன்னால் மட்டும் அவர் முகம் கடுக்கும். "என் வண்டியில வேற எவனும் கை வைக்கக் கூடாது."

இன்று கிளம்பியதிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர் எதிரே வந்த லாரியைப் பார்த்த நேரத்தில் கையை டேஷ்போர்டுக்கு அடியில் விட்டாள். திருகு இல்லை. துழாவினாள். வழுவழுவென்று புதுக் குழாய்தான் கையில் பட்டது.

"என்னடி தேடுற?"

"செருப்பு... கழண்டுடுச்சு."

பேத்தி இந்நேரம் கேட்டில் தொற்றிக்கொண்டு நிற்பாள். அவள் கண்ணெதிரே தாத்தாவின் கார் நிற்காமல் போகும். அடுத்த வாரமும் போகும். உண்மையைச் சொல்லிவிடலாமா? இத்தனை நாள் ஏமாற்றியது தெரிந்தால் இந்த மனுஷன் இந்தப் பக்கமே வரமாட்டாரே! மறுபடியும் குனிந்ததில் நெற்றி டேஷ்போர்டில் இடித்தது.

தெருமுனை தெரிந்தது. அவர் வேகத்தைக் குறைத்தார். பார்வை சாலையிலேயே இருந்தது.

"குனிஞ்சா உனக்கு இடுப்பு பிடிக்குதேன்னு திருகைக் கதவுப் பக்கம் மாத்தியிருக்கேன். சீக்கிரம் மூடு, வீடு தாண்டிடப் போகுது!"