அவள் வருவதற்குள் ஒரு படம்

"அஞ்சு மடங்கு பெருசாக் காட்டுறதையே குடுங்க சார். சின்னதெல்லாம் வேண்டாம்."

டெலஸ்கோப் கடைக்காரர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கேமராவுக்கு பார்லோ லென்ஸ் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். இருக்கிற டெலஸ்கோப்பை இன்னும் பெரிதாகக் காட்ட வைக்கிற லென்ஸ்தானே, எண் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிது என்று ஒரு நம்பிக்கை. அகலக்கால் வைக்கிற ஆசைக்கு அந்தக் கடையில் என்றுமே பஞ்சமில்லை.

கேட்டவர் ஒரு பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர். பக்கத்தில் அவருடைய மாமியார், கேமராப் பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதைப் படம் எடுக்கப் போறீங்க? நிலாவா?"

"சூரியன் சார். வியாழக்கிழமை காலையில விண்வெளி நிலையம் சூரியனுக்குக் குறுக்கே போகுது. எங்க மொட்டை மாடியிலேருந்து பார்த்தா நட்ட நடுவுல போகும். கணக்குப் பார்த்து வச்சிருக்கேன். ஆனா கேமராவை டெலஸ்கோப்புல நேரா மாட்டினா ஃபோகஸே வரல. பார்லோ போட்டா வரும்னு சொன்னாங்க."

"வரும், வரும். முன்னாடி சூரிய ஃபில்டர் போட்டிருக்கீங்களா?"

"போடாம என்ன? கண்ணு போச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று பதில் மாமியாரிடமிருந்து வந்தது.

கடைக்காரருக்கு இருவரையும் அப்போதே பிடித்துப்போய்விட்டது. டெலஸ்கோப்பின் நீளம் கேட்டார், கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தார். அஞ்சு மடங்கு லென்ஸை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

"இது வேண்டாம் சார். இதைப் போட்டா சூரியன்ல ஒரு துண்டுதான் கேமராவுக்குள்ள அடங்கும். அந்தத் துண்டு வழியாத்தான் போவேன்னு நிலையம் உங்களுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கா? வெளிச்சம் குறையும். வெயில் ஏறினா காத்து வேற நெளியும், படம் கலங்கிடும். ரெண்டு மடங்கு வாங்குங்க. சூரியன் முழுசா உள்ள உட்காரும். எப்படிப் போனாலும் தப்பிக்க முடியாது."

மாஸ்டர் முகம் சுருங்கிவிட்டது. "நிலையம் ரொம்பச் சின்னதாத் தெரியுமே சார்."

"எள்ளளவு தெரியும். பெருசா எடுக்கப் போய் வெறும் கையோட வர்றதுக்கு அது மேல் இல்லையா?"

"எள்ளளவு போதும் மாப்பிள்ளை. இருக்குன்னு தெரிஞ்சாச் சரி" என்றார் மாமியார்.

மாஸ்டர் அரைமனதாகத் தலையாட்டினார்.

"தவறிப்போனாலும் கவலைப்படாதீங்க. அடுத்த மாசம் இன்னொரு தடவை குறுக்கே போகும்" என்று தேற்றினார் கடைக்காரர்.

"ஐயோ, அடுத்த மாசம் ஆகாது சார்! அதுக்குள்ள என் வீட்டுக்காரி வந்துடுவா. வேலை விஷயமா ஆறு மாசமா வெளியில இருக்கா. அவ வந்துட்டா இந்தப் படத்தை எடுக்கவே முடியாது."

கடைக்காரருக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சொல்லவே வேண்டாம் சார். எங்க வீட்டுலயும் இதே கதைதான். புது லென்ஸ் வாங்கினா அட்டைப்பெட்டியைக் கடையிலேயே கடாசிட்டுத்தான் போவேன். ஆனா உங்களுக்கு மாமியாரே கூட்டு! குடுத்து வச்சவர் சார் நீங்க."

"அவகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்" என்றார் அந்த அம்மாள். பிறகு ஏனோ பெருமூச்சு விட்டார். "பாவம், ஆறு மாசமாப் பாக்கெட் சாப்பாடுதான் சாப்பிடுறா."

"வேலைன்னு போயிட்டா அப்படித்தான்மா" என்று சொல்லி ரெண்டு மடங்கு லென்ஸைப் பொதிந்து கொடுத்தார் கடைக்காரர்.

மறுவாரம் இருவரும் திரும்ப வந்தார்கள். மாஸ்டர் ஒரு பெரிய படத்தைச் சுருள் பிரித்து மேஜைமேல் விரித்தார். மூலைக்கு ஒன்றாக நாலு லென்ஸ் மூடிகளைப் பாரம் வைத்தார் கடைக்காரர்.

முழுச் சூரியன். ஓரமாக இரண்டு கரும்புள்ளிகள். நடுவிலிருந்து தள்ளி எள்ளளவு ஒரு நிழல், இரண்டு பக்கமும் இறக்கை விரித்துக்கொண்டு.

கடைக்காரர் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

"சாதிச்சுட்டீங்களே சார்! எப்படிப் பிடிச்சீங்க?"

"நான் பட்டன் மேல விரலை வச்சுக்கிட்டு நின்னேன் சார். அத்தைதான் கடிகாரத்தைப் பார்த்து 'இப்போ!'ன்னு கத்தினாங்க. அழுத்தினேன். கண்ணு சிமிட்டுறதுக்குள்ள போயிடுச்சு. நீங்க சொன்னதைக் கேட்டதுக்குப் பலன். நாங்க நினைச்ச இடத்துலேருந்து நல்லாத் தள்ளிதான் போச்சு. அஞ்சு மடங்கு போட்டிருந்தா ஒண்ணுமே மாட்டியிருக்காது."

எத்தனையோ பேருக்கு லென்ஸ் விற்றிருக்கிறார் கடைக்காரர். இப்படி ஒரு படத்தோடு திரும்பி வந்து நின்றவர் ஒருவருமில்லை. தானே எடுத்த மாதிரி பூரித்துப்போனார்.

"சபாஷ்! இதை ஃபிரேம் போட்டுக் கூடத்துல வைக்கணும் சார்." திடீரென்று நினைவு வந்தவராய் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, வீட்டம்மா வந்துடுவாங்களே! நான் இல்லாத நேரத்துல இது என்ன கூத்துன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

மாஸ்டர் சிரித்தார்.

மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின்மேல் குனிந்தார். அந்த எள்ளளவு நிழலைத் தொட்டுவிடாமல், அதற்குச் சற்று மேலே விரலை நிறுத்திக் கேட்டார்.

"ஏன் மாப்பிள்ளை, இதுக்குள்ள என் பொண்ணு எந்தப் பக்கம் இருப்பா?"